வெளிச்சத்தில் பிடித்துப் பாராத தாள்

கிளிநொச்சியில் கமலாசனியைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் காணி உறுதியோடுதான் போவார்கள். நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த எல்லைக்கல் எங்கே நின்றது, எந்த வாய்க்கால் எந்த வரைபடத்தில் விடுபட்டது என்பதையெல்லாம் கேட்டால் சொல்லுவார். ஆனால் வருடத்தில் நாலைந்து பேர் வேறு விதமான தாளோடு வருவார்கள். பத்திரிகையில் சுற்றி, பழஞ்சாரத் துணியில் சுற்றி, ஒருமுறை மீன்பெட்டிக்குள் வைத்துக்கூடக் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒல்லாந்தர் காலத்து அச்சுப்படங்கள். கோட்டை, யானைப்பந்தி, கறுவாப்பட்டை உரிக்கிறவர்கள், தொப்பியும் வாளுமாக ஒரு தேசாதிபதி.

"இது அசலோ பிள்ளை?" என்பதுதான் கேள்வி. கமலாசனி ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் இல்லை. அதற்குமேல் கொழும்பு வரைக்கும் மறுபேச்சு இருந்ததில்லை. இந்தச் சேவைக்கு அவர் காசு வாங்குவதில்லை. சிலர் மாம்பழம் கொண்டுவருவார்கள். மீன்பெட்டிக்காரர் மீனையும் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படங்களெல்லாம் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, கோட்டுக்குள் மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் நசுக்கி எடுக்கப்பட்டவை. நசுக்கும்போது தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்துவிடும். மைக்கோட்டை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அதை வார்த்தெடுத்த சல்லடைக் கம்பிகளின் வரிகளும், ஆலைக்காரன் போட்ட நீர்க்குறியும் உள்ளே தெரியும். சமாதான காலத்தில் கொழும்புக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போனபோது, பழந்தாள் பேணும் பகுதியில் வேலைசெய்த ஒரு சிங்கள அம்மா இதையெல்லாம் அவருக்குக் காட்டினார். அளவுப் பரிசோதனை மட்டும் கமலாசனியின் சொந்தச் சரக்கு. ஒரே தகட்டில் அடித்த படங்கள் ஒரே அளவாக இருக்கவேண்டும். தாள் காய்ந்து ஒரு நூல் கூடலாம், குறையலாம். அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் அது அந்தத் தகட்டில் பிறந்ததல்ல.

அவரிடம் சொந்தமாக ஒன்பது படங்கள் இருந்தன. சொந்தமென்றால் பாதிச் சொந்தம். மற்றப் பாதி ராஜினிக்கு.

ராஜினியும் அவரும் ஒரே நாளில் கந்தோரில் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய புத்தகக்கடை மூடுகிற நேரம், அட்டையும் தலைப்பும் போன ஒரு ஒல்லாந்தப் புத்தகத்தை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். கறையான் எழுத்தையெல்லாம் தின்றுவிட்டு ஒன்பது படங்களை விட்டுவைத்திருந்தது. எட்டுப் படம் வேறு வேறு ஊர். ஒன்பதாவது பூநகரிக் கோட்டை. களப்பில் நின்று பார்க்கிற மாதிரி வரைந்தது. முன்னால் ஒரு வள்ளம், வள்ளத்தில் மூன்று பேர், கோட்டைக்கு மேலே ஒரு கொடி, கொடிக்குப் பக்கத்தில் பூச்சி அரித்த ஒரு சின்ன ஓட்டை. கமலாசனி பிறந்தது பூநகரியில். அந்தப் படத்தை முதன்முதல் பார்த்த அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார் என்று ராஜினி கந்தோர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாயிரத்தெட்டில் இடம்பெயரும்போது ஒன்பதையும் சுருட்டி ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, கமலாசனியின் கிணற்றடியில் இடுப்பளவு ஆழத்தில் தாட்டார்கள். அந்த நாளில் வன்னியில் எல்லோரும் எதையாவது தாட்டுவிட்டுத்தான் போனார்கள். நகை, தையல் மெசின், மோட்டார்சைக்கிள், பித்தளைக் குடம். திரும்பி வந்தபோது பாதிப் பேருடைய குழி வெறுங்குழி. கிண்டியவர் யார் என்ற சந்தேகத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லாமல் போனது. அயல்வீட்டு வேலி இரண்டு முழம் உயர்ந்தது. இவர்களுடைய குழாய் மட்டும் தாட்ட இடத்தில் தாட்டபடி கிடந்தது. குழாயை அரிந்து திறந்தார்கள். ஒன்பதும் காய்ந்து நின்றன.

அன்று இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். குழாய் ஒரு வருடம் ஒருவரிடம், மறு வருடம் மற்றவரிடம். கைமாறுவது வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று, கோயில் வீதியில். வாங்குகிறவர் கொடுத்தவருக்கு முன்னால் திறக்கவும் கூடாது, எண்ணவும் கூடாது. ஊரெல்லாம் ஒருவரை ஒருவர் கிண்டிப் பார்த்த காலத்தில் தங்களுக்குள் அது வேண்டாம் என்பதுதான் கதை. தாள் ஒவ்வொன்றையும் தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார்கள். ஈரம் படாது, விரலும் படாது.

இப்படியே வருடங்கள் போயின. யாராவது பூநகரிப் படம் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னிடம் ஒரு படிக்கல் இருக்கிறது என்ற தைரியம் கமலாசனிக்கு இருந்தது. ஒருவரும் கொண்டுவரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஒருவர் வந்தார்.

கூட்டிவந்தவர் மஹ்றூப். தண்ணீரூற்றுக்காரர். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பழைய கதவு, நிலை, அலுமாரி, வெண்கலச் சாமான் எடுத்து விற்கிறவர். ஒரு சின்ன லொறி வைத்திருந்தார். வீடுவீடாகப் போகிறவர் கண்ணில் பழைய படம் பட்டால் முதலில் கமலாசனியிடம்தான் வரும். 'கமலாசனி அக்கா பாத்துச் சொன்னது' என்பதுதான் அவருடைய வியாபாரத்துக்கு முத்திரை.

"அக்கா, இவர் ஜெயபுரம் அப்புத்துரை ஐயா. நான் விலைக்குக் கேட்டனான். ஐயா என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தார்."

"விக்கிற சாமான் இல்லைத் தம்பி," என்றார் அப்புத்துரை. எழுபதைத் தாண்டிய வயல்காரர். மடியில் ஒரு சட்டம் போட்ட படம். "எங்கடை தகப்பன், அப்பு, துரைமார் தங்கிற பூநகரி வாடிவீட்டிலை காவல்காரன். அங்கை கொழுவிக் கிடந்தது. முதல் இடப்பெயர்வுக்குச் சாமிப்படத்தை விட்டிட்டு இதைத்தான் மனுசன் தூக்கிக்கொண்டு ஓடினது."

"சாமி கோவிக்கேல்லையோ ஐயா?" என்றார் மஹ்றூப்.

"சாமி பேசாமல் இருந்திட்டுது. அம்மாதான் சாகுமட்டும் பேச்சு." அவர் கமலாசனியிடம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அசலெண்டால் நூதனசாலைக்குக் குடுத்திடுவன். பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து பாக்கட்டும். அப்புவின்ரை பேரையும் கீழை போடுவினமாம். நகலெண்டால் என்ரை வீட்டுச் சுவரிலை கிடக்கட்டும்."

கமலாசனி சட்டத்தைக் கழற்றினார். பூநகரிக் கோட்டை. வள்ளம், மூன்று பேர், கொடி.  ஆனால் படத்தை யாரோ ஒரு காலத்தில் தடித்த மட்டையில் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடிக்க வழியில்லை. வாடிவீட்டுப் புகையும் எண்ணெயும் படிந்து தாளின் முகம் வழுவழுத்திருந்தது; விரலுக்குக் கோட்டின் மேடு தட்டுப்படவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடிக்குள் கோடு நன்றாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரே மருந்து அளவு. அந்த வருடம் குழாய் அவரிடம் இருந்தது. தன் படத்தை உறையோடு எடுத்துப் பக்கத்தில் வைத்து, டிவைடரின் இரண்டு கூர்முனைகளையும் தகட்டுத் தடத்தின் இரண்டு விளிம்பிலும் ஊன்றி, அந்த அகலத்தை அப்படியே மற்றப் படத்துக்குக் கொண்டுபோனார்.

பொருந்தவில்லை. அப்புத்துரையின் படம் சுண்டுவிரல் அகலத்துக்குக் கூடுதலாக இருந்தது. உயரத்தையும் அளந்து பார்த்தார். அங்கேயும் அப்படித்தான்.

"வேறை எல்லாம் சரியாத்தானே கிடக்கக்கா?" என்றார் மஹ்றூப்.

"அளவு இடிக்குது."

"கொஞ்சம் பெருத்திருக்கலாமே?"

"செப்புத் தகடென்ன ரொட்டி மாவே, வைச்சிருக்கப் பெருக்கிறதுக்கு?" கமலாசனி அப்புத்துரையைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது கடினமாகத்தான் இருந்தது. "ஐயா, இது நகல். நல்ல நகல். வெள்ளைக்காரன் காலத்திலை ஆரோ பாத்துச் செய்திருக்கினம். ஒல்லாந்தக்காரன்ரை தகட்டிலை அடிச்சதில்லை."

அப்புத்துரை படத்தைத் திருப்பிச் சட்டத்துக்குள் வைத்தார். "அப்ப அப்பு நகலுக்குத்தான் சாமியை விட்டவரோ," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

இந்த வருடம் ஆவணியில் அப்புத்துரை புது வீடு குடிபுகுந்தார். மறக்காமல் கமலாசனிக்கும் மஹ்றூப்புக்கும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் லொறியில் போனார்கள். காலை ஒன்பது மணி, ஜெயபுரத்து வெயில் விறாந்தையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே போய்க் கதிரையில் இருந்த கமலாசனி நிமிர்ந்து பார்த்தபோது, கிழக்கு யன்னல் கம்பியில் பூநகரிக் கோட்டை தொங்கியது. பிளாஸ்டிக்குள் பளபளவென்று.

"லமினேற் பண்ணிப்போட்டன் பிள்ளை," என்றார் அப்புத்துரை பெருமையாக. "மட்டை முழுக்கக் கறையான். ஒரு வாளி தண்ணியிலை ஊறப்போட்டன். படம் தன்ரை பாட்டிலை கழண்டு மிதந்துது. சோப்புத் தண்ணி கொஞ்சம் தொட்டுத் துடைச்சன், ஊத்தை எல்லாம் போட்டுது. ஒரு கீறல் இல்லை. பிறகு போட்டோக்கொப்பிக் கடையிலை குடுத்துச் சூடுபோட்டு எடுத்தன். இனி வெள்ளம் வந்தாலும் பயமில்லை."

அவரைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் பிளாஸ்டிக்குள் போகாத கடதாசி கிடையாது. பிறப்புச் சாட்சிப்பத்திரம், இறப்புச் சாட்சிப்பத்திரம், முகாம் பதிவு அட்டை, காணாமல் போனவரின் ஒரே ஒரு போட்டோ. களப்புத் தண்ணீரில் நனைந்துபோன கடதாசிக்காரர்கள், தாங்கள் பிறந்தது உண்மை என்று நிரூபிக்க வருடக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு ஊர் பெறுமதியான எதையும் வெறுந்தாளாக விட்டுவைக்கவில்லை.

கமலாசனி எழும்பி யன்னலுக்குக் கிட்டப் போனார். பின்னால் இருந்து வெயில் தாளை ஊடுருவியது. தாளுக்குள் நூலிழைபோல வரிகள். வள்ளத்துக்கு மேலே, வானத்துக்குள், ஒரு மணிமுடி. முடிக்குக் கீழே கேடயம். கேடயத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று பெருக்கல் குறி. இரண்டு பக்கமும் பின்னங்காலில் நிற்கிற சிங்கம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சின்னம். கொழும்பில் அந்த அம்மா காட்டிய அதே நீர்க்குறி.

பொங்கல் கொண்டுவந்து வைத்தார்கள். கமலாசனி தொடவில்லை.

"ஐயா, இந்த பிளாஸ்டிக்கைக் கழட்டேலாதோ?" என்று மட்டும் கேட்டார்.

"கழட்டவோ? பசை உருகித் தாளோடை ஒண்டாப் போட்டுது. இழுத்தால் படமும் சேர்ந்துதான் வரும். ஏன் பிள்ளை?"

"சும்மா கேட்டனான்."

லொறியில் ஏறியதும் மஹ்றூப் கேட்டார். "என்னக்கா, பேய் பிடிச்ச மாதிரி இருக்கிறியள்?"

"வேகமா விடுங்கோ மஹ்றூப். வீட்டை போகவேணும்."

வழி முழுக்க அவர் தன்னோடு வழக்காடினார். நீர்க்குறி உண்மை. அப்படியென்றால் அளவு பொய். அளவு எப்படிப் பொய்யாகும்? டிவைடர் இரண்டு கூர் வைத்த இரும்பு. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. எடுத்த இடத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் கொண்டுபோய் வைக்கும். எடுத்த இடம்.

வீட்டுக்குப் போனதும் குழாயின் மூடியைத் திருகினார். பூநகரிப் படத்தை உறையிலிருந்து இழுத்தெடுத்தார். அந்தத் தாளின்மேல் அவருடைய விரல் பட்டு எத்தனையோ வருடம். விரல் பட்ட உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். வரியும் இல்லை, முடியும் இல்லை, சிங்கமும் இல்லை. கலக்கிய மாவுத்தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை. கண்ணாடி வைத்துப் பார்த்தார். கபில நிறக் கோடென்று நினைத்தது முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளின் கூட்டம்.

மஹ்றூப் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். "மெசின் அடிச்சது," என்றார்.

"ஓம். மெசின் தாளுக்கு அடங்கட்டும் எண்டு கொஞ்சம் சுருக்கி அடிச்சிருக்கு. எங்கடை கந்தோரிலை முதல்நாள் சொல்லித் தாறதே அதுதான். போட்டோக்கொப்பியிலை அளவெடுக்கக் கூடாது." அவர் கதிரையில் இருந்தார். "நான் அதிலைதான் எடுத்திருக்கிறன்."

அந்தத் தாளைச் செய்த கை சாதாரணக் கை அல்ல. தேயிலைச் சாயத்தில் தோய்த்து நிறம் ஏற்றியிருந்தது. தகட்டின் தடம் தெரியட்டும் என்று துத்தநாகத் தகடு வைத்து நசுக்கி, நாலு பக்கமும் பள்ளம் போட்டிருந்தது. கொடிக்குப் பக்கத்தில், சரியாக அந்த இடத்தில், பூச்சி ஓட்டை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஊசி குத்திய பிசிர் நின்றது.

"மற்றதுகளையும் பாப்பமக்கா," என்றார் மஹ்றூப்.

ஒவ்வொன்றாக எடுத்து யன்னலில் பிடித்தார்கள். எட்டும் அசல். கமலாசனிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. கள்ளன் அள்ளிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்காரியின் மனம் தெரிந்து ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறான். பூச்சி ஓட்டை இருக்கும் இடம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை அவர் பளைக்கு பஸ் ஏறினார்.

ராஜினி முற்றத்தில் தேங்காய் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். "எடியே கமலா! சொல்லாமல் கொள்ளாமல்? ஒரு போன் கோல் எடுத்திருந்தால் புட்டு அவிச்சிருப்பனே. வா, வா, உள்ளை வா. என்ன இது, மெலிஞ்சு போனாய்?"

கமலாசனி உள்ளே போய் மேசையில் தாளைக் குப்புற வைத்தார். பின்பக்கம்தான் தெரிந்தது. வெறும் பின்பக்கம். ராஜினி அதைப் பார்த்தார். இதென்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கமலாசனிக்கு ஒரு நிமிடமாவது கிடைத்திருக்கும்.

"எப்ப?" என்றார் கமலாசனி.

ராஜினி கையில் ஒட்டிய தேங்காய்த் தும்பைச் சேலையில் துடைத்தார். "என்ரை பிள்ளை மேனுகாவின்ரை கலியாணத்துக்கு."

"ஏழு வருஷம்."

"சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டினம். உனக்குத் தெரியாது கமலா, உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வேண்டாம் எண்டு சொல்லுற வீட்டிலைதான் பொம்பிளைப்பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தலை குனியவேணும். ஒல்லாந்திலை இருக்கிற ஆக்கள். தங்கத்தைக் குடுத்தால் எத்தினை பவுண் எண்டு பாப்பினம். இதைக் குடுத்தன். மாப்பிளையின்ரை முதலாளி வெள்ளைக்காரன் வந்து பாத்திட்டு வாயைப் பிளந்தவனாம். என்ரை பிள்ளைக்கு அந்த வீட்டிலை ஒரு மதிப்பு வந்துது."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் தந்திருப்பியோ?"

கமலாசனி தந்திருக்கமாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மற்ற எட்டிலை ஒண்டைக் குடுத்திருக்கலாமே."

"மற்றதுகள் அவ்வளவு வடிவில்லைத்தானே," என்றார் ராஜினி. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தவர்போலக் கண்ணைத் தாழ்த்தினார்.

"ஓட்டையையும் போட்டிருக்கிறாய்."

"நீ எடுத்தால் முதல் அதைத்தானே தேடுவாய்."

"வெளிச்சத்திலை பிடிச்சிருந்தால்?"

"நீ பிடிக்கமாட்டாய் எண்டு தெரியும்." ராஜினியின் குரல் மெல்ல ஏறியது. "இப்ப என்ன நடந்துபோச்சு? ஏழு வருஷம் நீ அதைப் பாத்துச் சந்தோஷமாத்தானே இருந்தனி? வித்தியாசம் தெரிஞ்சுதே உனக்கு? உனக்கே தெரியேல்லை எண்டால் என்னத்தைக் குறைஞ்சாய்?"

கமலாசனி அப்புத்துரையின் கதையைச் சொன்னார். மட்டை, டிவைடர், தான் சொன்ன சொல், வாளித் தண்ணீர், சூடு போட்ட பிளாஸ்டிக். அதிகம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ராஜினி மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"சத்தியமா அது எனக்குத் தெரியாது கமலா. நீ அதிலை வைச்சு அளப்பாய் எண்டு நான் யோசிக்கேல்லை."

"வேறை எதிலை வைச்சு அளக்கிறது? என்னட்டை இருந்தது அது ஒண்டுதான்."

 பிறகு ராஜினி போனை எடுத்தார். "இஞ்சை பார். வடிவாத்தான் வைச்சிருக்கினம்." படத்தில் ஒரு ஒடுங்கிய நடை; சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பூநகரிக் கோட்டை; அதன் கீழே சப்பாத்துத் தட்டு. யாரோ கொழுவிய மழைக்கோட்டுக் கை கோட்டையின் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது. எதிர்க் கதவால் வெயில் நேரே படத்தில் விழுந்தது. வெயில் பட்டால் தாள் என்னவாகும் என்பது ராஜினிக்குத் தெரியாததல்ல.

"திருப்பிக் கேக்கட்டோ?" என்றார் ராஜினி. கேட்டுவிட்டு அவரே, "கேட்டால் மேனுகா அந்த வீட்டிலை ஒண்டுமில்லாமல் போவாள்," என்றார்.

"வேண்டாம்."

"அந்த ஐயாவிட்டைப் போவியோ?"

"போகத்தானே வேணும்."

ராஜினி எட்டி அவருடைய கையைப் பிடித்தார். "என்ரை பேரைச் சொல்லிப்போடாதை. மாப்பிளையின்ரை பெரியம்மா ஆக்கள் பூநகரியிலைதான் இருக்கினம். ஒரு நாளிலை அங்கை போய்ச் சேந்திடும். நீயே பிழை விட்டதெண்டு சொல்லன். வயசு போட்டுது, கண் மங்கிப்போச்சு எண்டு சொல்லன். நீ சொன்னால் ஆர் என்ன சொல்லப்போகினம்? உனக்கு ஒரு கலியாணம் காட்சி பேசி நிக்குதே, பேர் கெட்டுப்போக?"

கமலாசனி கையை இழுத்துக்கொண்டார். அதுவரை படம் மட்டும்தான் போனதென்று அவர் நினைத்திருந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடி," என்று பின்னால் குரல் கேட்டது. அவர் படலையைச் சாத்திவிட்டு வீதிக்கு வந்துவிட்டார்.

இரண்டு நாள் அவர் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. மூன்றாம் நாள் மஹ்றூப்பைக் கூப்பிட்டு, பளையில் நடந்ததைச் சொன்னார். லொறி பரந்தன் தாண்டிப் பூநகரி வீதிக்குத் திரும்பியதும் மஹ்றூப் கேட்டார்.

"என்ன சொல்லப் போறியள் அக்கா?"

"கண் மங்கிப்போச்சு எண்டு சொல்லுவமோ எண்டு யோசிக்கிறன்."

மஹ்றூப் வீதியைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்கள் என்னத்தையும் சொல்லுங்கோ. அது உங்கடை கூட்டாளிக் கதை. ஆனால் உங்கடை சொல்லைக் காவிக்கொண்டு வீடுவீடாய்த் திரிஞ்சவன் நான். இருபது வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, ஆர் இவன் எண்டு பாத்த சனத்திட்டை நான் கொண்டுபோன சாட்சி நீங்கள்தான். கண் மங்கிப்போச்சு எண்டால், எந்த நாளிலை இருந்து மங்கினது எண்டு கேப்பினம் அக்கா. நான் என்ன சொல்லுறது?"

 வெளியே, அறுத்து முடித்த சிறுபோக வயலில் மாடுகள் நின்றன.

அப்புத்துரை வீட்டில்தான் இருந்தார். படம் யன்னலில்தான் இருந்தது. அவர் இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல் கமலாசனி நின்றபடியே சொன்னார்.

"ஐயா, உங்கடை படம் அசல். அண்டைக்கு நான் சொன்னது பிழை."

அப்புத்துரைக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. யன்னலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அசலோ?"

"ஓம். ஒல்லாந்தக்காரன்ரை தகடு, ஒல்லாந்தக்காரன்ரை தாள்." அவர் நீர்க்குறியைக் காட்டினார். கிழவர் கிட்டப் போய், கழுத்தை நீட்டி, மூன்று பெருக்கல் குறியையும் விரலால் பிளாஸ்டிக்குக்கு மேலே தொட்டார்.

"உதை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அழுக்கெண்டு நினைச்சன்." பிறகு குரல் மாறியது. "அப்ப நான் என்ன வேலை பாத்திருக்கிறன் பிள்ளை? தண்ணியிலை ஊறவிட்டு, சோப்புப் போட்டு, சூடு வைச்சு..."

"நீங்கள் செய்யேல்லை. நான் சொன்ன சொல்லு செய்தது."

"நூதனசாலைக்காரர் இப்ப எடுப்பினமோ?"

"எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். பிளாஸ்டிக்குள்ளை போனால் அதுக்கு உயிர் குறைவு."

அப்புத்துரை கதிரையில் இருந்தார். வெற்றிலைத் தட்டை இழுத்தார், திரும்பத் தள்ளி வைத்தார். "உங்களை நம்பித்தான் நகல் எண்டு எல்லாருக்கும் சொன்னன். தம்பி வீட்டிலை சிரிச்சவை, அப்பு ஏமாந்தவர் எண்டு. இப்ப அசல் எண்டுறியள். இதையும் உங்களை நம்பித்தானே சொல்லவேணும்? அண்டைக்கு ஏன் பிழைச்சது, இண்டைக்கு ஏன் சரி எண்டு ஒருத்தன் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் எழுதித் தாங்கோ. நூதனசாலைக்கும் அதைத்தான் கொண்டுபோவன்."

பேத்தியின் கொப்பியில் இருந்து இரட்டைத் தாள் ஒன்று கிழித்துக் கொண்டுவந்தார்கள். கமலாசனி மேசையில் இருந்து எழுதினார். படத்தின் பெயர், அளவு, நீர்க்குறி, வாடிவீட்டுக் காவல்காரரின் பெயர், அது எப்படி மகன் கைக்கு வந்தது எல்லாவற்றையும் வரைபடத்துக்குக் குறிப்பு எழுதுகிற அதே நிதானமான எழுத்தில் எழுதினார். முதலில் நகல் என்று நான் சொன்னேன் என்று எழுதினார். 'ஏனெனில்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினார்.

கண் மங்கியதென்று எழுதினால் நாலு சொல்லோடு கடிதம் முடியும். ராஜினி பளையில் நிம்மதியாகத் தேங்காய் எண்ணுவார். மேனுகா சப்பாத்துத் தட்டுக்கு மேலே கோட்டையை வைத்திருப்பாள். யாருக்கும் ஒன்றும் குறையாது. தன்னுடைய சொல் மட்டும்தான் குறையும். அதைத்தான் ராஜினி இல்லாத சாமானாகக் கணக்கில் எடுத்திருந்தார். மஹ்றூப் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்; பேனா நின்றதை அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

கமலாசனி எழுதினார். ஒப்பிடப் பயன்பட்ட படம் மாற்றி வைக்கப்பட்டிருந்தது, மாற்றியவர் அதன் மறுபாதிச் சொந்தக்காரர், முன்னாள் நில அளவை உத்தியோகத்தர், பளையைச் சேர்ந்த ராஜினி, அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். கீழே தன் பெயரை முழுதாக எழுதி, திகதி போட்டு, தாளை அப்புத்துரையிடம் நீட்டினார்.

"எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது," என்றார் அவர். "தம்பி, நீர் ஒருக்கா வாசியும்."

மஹ்றூப் உள்ளே வந்து தாளை வாங்கினார். அதற்குள் வீட்டுப் பெண்களும் குசினி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மஹ்றூப் தெளிவாக வாசித்துக்கொண்டு போனார். 'ஏனெனில்' தாண்டியதும் குரல் தாழ்ந்தது. பெயர் வந்த இடத்தில் நிறுத்திக் கமலாசனியைப் பார்த்தார்.

"அக்கா, இதைக் குடுத்தால் அவாவோடை எல்லாம் முடிஞ்சுது."

"தெரியும்," என்றார் கமலாசனி. "சத்தமா வாசியுங்கோ."